காட்டிக் கொடுக்கிறவனுக்கு இருபத்து மூணு பேரு

ஆமா அண்ணாச்சி, ரஷ்ய எழுத்துதான். நீங்க புஸ்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க, அதான் அப்படித் தெரியுது. திருப்புங்க. அட்டையில தமிழ்லயும் போட்டிருக்கு பாருங்க, 'ரஷ்யத் திருடர் மொழி: தோற்றமும் வளர்ச்சியும்'. கீழ, முனைவர் சங்கரநயினார். அது நான்தான். ஜன்னல் வழியாத் துண்டைப் போட்டு இடம் பிடிச்சவன் டாக்டராக்கும்னு உங்களுக்குத் தோணும். தோணட்டும், எனக்கென்ன.

ஒரு கல்யாணத்துக்குப் போறேன். இதைத்தான் கையில கொடுக்கப் போறேன். பொண்ணோட அப்பன் பேரு முன்னுரையில வருது. பன்னெண்டாவது வரி. முதல் வரியிலயா போட முடியும்? முதல் வரி நெறியாளருக்கு, ரெண்டாவது துணைவேந்தருக்கு, அப்படியே வந்து வந்து ஜெராக்ஸ் கடைக்காரருக்கு அடுத்தாப்ல அவன். போட்டிருக்கேம்லா, அது போதாதா?

திருடன் பேசுத பேச்சுக்கு ஒரு புஸ்தகமான்னு நீங்க கேக்கலை, ஆனா மூஞ்சியில தெரியுது. என் வீட்டுக்காரியும் அதைத்தான் கேட்டா. நம்ம மாட்டுச் சந்தையில தரகன் துண்டைப் போட்டு, உள்ளுக்க விரலைப் பிடிச்சு விலை பேசுவாம்லா? எதுக்கு? மாட்டுக்குச் சொந்தக்காரனுக்குத் தெரியக் கூடாது. அதே சமாச்சாரம்தான். ரஷ்யாவுல எரநூறு வருஷத்துக்கு முன்னால தோள்ல மூட்டையைத் தூக்கிட்டு ஊசி, நூல், சாமி படம்னு ஊர் ஊரா விக்கிற ஆளுங்க இருந்தாங்க. அவங்களுக்குள்ள ஒரு பேச்சு. வாங்க வந்த குடியானவன் பக்கத்துல நிக்கும்போதே அவன் தலையில எதைக் கட்டலாம்னு பேசிக்கிடுவாங்க, அவன் ஆன்னு பாத்துட்டு நிப்பான். அந்தப் பேச்சைத் திருடன் எடுத்துக்கிட்டான். துறைமுக ஊர்கள்ல யூதங்க வீட்டுல பேசுத பாஷையில இருந்து கொஞ்சம் சேந்துது, ஜெர்மன்காரன்கிட்ட கொஞ்சம் சேந்துது. பொறவு போலீஸ்காரன் அதுக்குப் பட்டியல் போட ஆரம்பிச்சான். பண்டிதன் உக்காந்து அகராதி போடுததெல்லாம் அதுக்கப்புறம்தான் பாத்துக்கிடுங்க.

அதுக்கு மேல வந்தது சிறை முகாம் காலம். அரசாங்கத்துக்காரன் லட்சக்கணக்குல சனத்தை அள்ளிப் பனிக்காட்டுக்குள்ள போட்டான். வாத்தியாரும் பிக்பாக்கெட்டும் ஒரே பலகையில படுத்தாங்க. பத்து வருஷம் கழிச்சு வெளிய வந்தா வாத்தியார் வாயில பிக்பாக்கெட் பேச்சு. இன்னைக்கு அங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க பேசுது. பெரிய மனுசங்களும் பேசுதாங்க. ஒளிச்சுப் பேசுததுக்குன்னு பிறந்த பேச்சு, ஊரே பேசுது!

நல்லாருக்குல்லா? இதை எல்லாம் நான் மேடையில சொல்லும்போது சனம் வாயைப் பொளந்து கேக்கும்.

ஆனா ஒண்ணு சொல்லுதேன். அஞ்சு வருஷம் மாஸ்கோவுல ஸ்காலர்ஷிப்ல படிச்சவன் நான். ஒரு திருடனைக் கண்ணால பாக்கலை. என் பேனாவை ஒருத்தன் ரயில்ல வச்சு அடிச்சான், அவனையும் பாக்கலை. எல்லாம் புஸ்தகத்துல படிச்சதுதான். ஊருக்கு வந்து, கடற்கரையில ரஷ்யா மிஷின் வச்சு ஒரு மின் நிலையம் கட்டினாங்க பாருங்க, பேரு வேண்டாம், அங்க மொழிபெயர்ப்பாளரா வேலைக்குச் சேந்தேன். வேலை பாத்துக்கிட்டே ஆராய்ச்சிக்கும் பதிஞ்சேன். ஒன்பது வருஷம் ஓடிப்போச்சு. நெறியாளரு பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு ஒரு நாள் சொல்லிட்டாரு. "சங்கரநயினார், புஸ்தகத்தைப் பாத்துப் புஸ்தகம் எழுதினா அதுக்குப் பேரு நகல். அந்தப் பேச்சைப் பேசுத வாய் ஒண்ணு வேணும். வாற மார்ச்சோட உங்க காலம் முடியுது, இனிமே நீட்டிக்க முடியாது"ன்னு. எனக்கு நாப்பத்தெட்டு வயசு அப்போ. எங்க தெருவுல எல்லாரும் 'என்ன டாக்டரே, எப்போ டாக்டராவீரு'ன்னு கேலி பண்ணுத அளவுக்கு வந்துட்டு.

அந்த வருஷம்தான் அர்க்கீப் லுக்கிச் வந்தாரு.

குழாய் வெல்டிங் பண்ணுத கெழவன். அறுபது வயசு. கடவாய்ப் பல்லு ரெண்டும் இரும்பு. பத்து விரல்ல ஆறு விரல்ல பச்சை குத்தின மோதிரம். எனக்குப் பாத்ததும் உடம்பெல்லாம் புல்லரிச்சுப்போச்சு. மோதிரம் ஒவ்வொண்ணுக்கும் என்ன அர்த்தம்னு நான் படிச்சிருக்கேம்லா! இருபது வருஷமா நான் தேடுன வாய், என் ஆபீஸ் வாசல்ல பீடி மாதிரி ஒண்ணைக் கடிச்சுக்கிட்டு நிக்குது. அன்னைக்குச் சாயங்காலமே நோட்டைத் தூக்கிட்டு அவர் குவார்ட்டர்ஸுக்குப் போயிட்டேன். நல்ல, சுத்தமான, இலக்கண ரஷ்யன்ல கேட்டேன். "ஐயா, தாங்கள் எத்தனை வருடம் சிறையில் இருந்தீர்கள்? எதற்காக?"

கதவைச் சாத்திட்டாரு.

உள்ள இருந்தவன்கிட்ட எதுக்கு இருந்தேன்னு கேக்கப் படாது. அவங்க சட்டம் அது. அவனா சொன்னா உண்டு. இது என் ஆராய்ச்சியில நாப்பத்தோராவது பக்கத்துல, நானே எழுதினது. எழுதினவன்தான் போய்க் கேட்டேன். என்னத்தைச் சொல்ல.

ரெண்டு மாசம் அந்தக் கெழவன் என்னைப் பாத்தா மரத்தைப் பாக்குத மாதிரி பாத்துட்டுப் போவாரு. வேலைக்கு வேண்டியதைக் கேப்பாரு, நான் மொழிபெயர்ப்பேன். அதுக்கு மேல ஒரு சொல்லு கிடையாது.

இப்பதான் கித்தேரியான் வாறான். எங்க கேன்டீன்ல தலைமைச் சமையல்காரன், உவரிக்காரன். சும்மா சொல்லக் கூடாது, கைமணம் உள்ளவன். எங்க வீடு சைவம், என் வீட்டுக்காரி அடுத்தவ வச்ச ரசத்தைப் பாராட்டி நான் கேட்டதில்ல. அவ அவன் ரசத்தைக் குடிச்சுட்டு, "இந்தாளுகிட்ட போய் நீங்க கத்துக்கிட்டு வாங்க"ன்னா. அப்பவே எனக்குக் கொஞ்சம் சுருக்குன்னுதான் இருந்துச்சு.

ஒரு நாள் மத்தியானம் லுக்கிச் கேன்டீன்ல கத்துதாரு. டீ தண்ணியா இருக்காம். நான் எந்திரிச்சு மொழிபெயர்க்கப் போறேன். அதுக்குள்ள கித்தேரியான் அடுப்பாங்கரையில இருந்து, கையில கரண்டியோட, ரெண்டே ரெண்டு சொல்லுச் சொன்னான். ரஷ்யன்ல. என்ன ரஷ்யன்! நான் அச்சுல மட்டும் பாத்த ரஷ்யன். முப்பது ரஷ்யாக்காரங்க சாப்பாட்டை நிறுத்திட்டுத் திரும்பிப் பாக்காங்க. லுக்கிச் அவனை மேலயும் கீழயும் பாத்தாரு. பொறவு சிரிச்சாரு பாருங்க, இரும்புப் பல்லு ரெண்டும் தெரிய. ரெண்டு மாசத்துல அவர் சிரிச்சு நான் பாத்ததில்ல.

எனக்கு வயிறு எரிஞ்சுது அண்ணாச்சி. மறைக்க என்ன இருக்கு? நான் இருபது வருஷம் கண்ணு முழிச்சுப் படிச்சது, இந்தக் கரண்டிக்காரன் வாயில கொட்டிக் கிடக்கு. எங்ஙன இருந்துலே வந்துச்சு உனக்கு?

பொறவுதான் தெரிஞ்சுது. கப்பல்ல சமையல்காரனா இருந்தவன். ரஷ்யாவோட கிழக்குக் கோடித் துறைமுகத்துல எவனோ கடத்தின சரக்கை இவன் அரிசி மூட்டைக்குள்ள வச்சுட்டான். கப்பல் போயிட்டு, இவன் மாட்டிக்கிட்டான். மூணு வருஷம் முகாம்ல மரம் அறுத்திருக்கான், பொறவு அங்கயும் சமையல். ஊருக்கு வந்து எல்லார்கிட்டயும் கப்பல்லயே இருந்தேன்னு சொல்லிட்டான். பொண்டாட்டிக்கு மட்டும் தெரியும். கேன்டீன்ல சேரும்போதும் மறைச்சுட்டான். உள்ளூர் ஸ்டேஷன்ல விசாரிச்சாங்க, அங்க ஒரு பெட்டிக் கேஸ் கூட இல்ல, நன்னடத்தைன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க.

இது எனக்கு எப்படித் தெரியும்னா, அவனே சொன்னான். தினமும் நாலு மணிக்கு கேன்டீனுக்குப் பின்னால, விறகு அடுக்கி வச்சிருக்குத இடத்துல, லுக்கிச்சும் அவனும் டீ போடுவாங்க. டீயா அது? ஒரு லோட்டாத் தண்ணிக்கு ஒரு பொட்டலம் தூள். தாரு மாதிரி இருக்கும். அதுக்குச் சிஃபீர்னு பேரு. ஒரே குவளை. ஆளுக்கு ரெண்டு மடக்கு, அடுத்தவன் கையில கொடுத்துரணும். முகாம் பழக்கம். யாரு கையில குவளை போகுதோ அவன் மனுசன். போகாதவன் மனுசன் இல்ல. நான் பத்தடி தள்ளி நின்னு பாத்துக்கிட்டே இருப்பேன், ஐஸ் வண்டிக்காரனைப் பாக்குத மாதிரி.

ஒரு நாள் கித்தேரியான்தான் லுக்கிச்கிட்ட சொன்னான். "சார் நல்ல மனுசரு. பாவம், பரீட்சை எழுதணும். நான் அவருக்குப் பொறுப்பு"ன்னு. பொறுப்புன்னா அங்க லேசுப்பட்ட சொல்லு இல்ல. நான் ஏதும் தப்புப் பண்ணினா அவன் தலை போகும்னு அர்த்தம். லுக்கிச் ரொம்ப நேரம் என்னைப் பாத்தாரு. பொறவு குவளையை நீட்டினாரு. கசப்புல எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. ரெண்டு பேரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

அஞ்சு மாசம் அண்ணாச்சி. என் வாழ்க்கையில நல்ல காலம்னா அந்த அஞ்சு மாசம்தான். நோட்டு நோட்டா எழுதினேன். வேலையே பாக்காம பாத்த மாதிரி கணக்குக் காட்டினா அதுக்கு 'துஃப்தா'. அது எந்த முகாம்ல, எந்தக் காட்டுல, எப்படிப் பிறந்துச்சுன்னு லுக்கிச் சொல்லுவாரு. பழைய கட்டையை நுனி அறுத்துப் புதுசுன்னு காட்டுவாங்களாம். கேக்கக் கேக்கத் திகட்டாது.

ஆனா யாரைப் பாத்துச் சொல்லுவாரு? அதைக் கேளுங்க. எழுதுதவன் நான், கேள்வி கேக்குதவன் நான், அவர் கண்ணு மட்டும் கித்தேரியானைப் பாத்துக்கிட்டே இருக்கும். அவனை 'தம்பி'ம்பாரு. என்னை 'வாத்தியாரு'ம்பாரு. நான் ஒரு சொல்லை எடுத்துப் பேசினா, "ரேடியோ பேசுது"ம்பாரு. அதே சொல்லைக் கித்தேரியான் பேசுவான், இலக்கணமே கிடையாது, ஆம்பளைப் பால் பொம்பளைப் பால் எல்லாம் கலந்து அடிப்பான், அவன் தோள்ல தட்டுவாரு. ரொட்டியை மென்னு பிசைஞ்சு காய வச்சு, சதுரங்கக் குதிரை ஒண்ணு பண்ணினாரு. முகாம்ல அப்படித்தான் காய் செய்வாங்களாம். எனக்குத்தான் தரப் போறாருன்னு நினைச்சேன். ஆராய்ச்சிக்குப் படம் பிடிச்சுப் போடலாம் பாருங்க. அவன் மகளுக்குக் கொடுத்து விட்டாரு. எட்டு வயசுப் பிள்ளை, அதுக்கு என்ன தெரியும் குதிரையைப் பத்தி?

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கிட்டேன். பிப்ரவரியில நெறியாளரு வந்தாரு. நான்தான் அழைச்சேன், 'வாய்' கிடைச்சுட்டுன்னு பெருமையா. விறகு மேல உக்காந்து மூணு மணி நேரம் கேட்டாரு. கேட்டுட்டு, கித்தேரியான் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. "இந்த மனுசன் வெறும் உதவியாளர் இல்ல சங்கரநயினார். ரெண்டு பாஷையையும் உள்ள இருந்து தெரிஞ்சவரு இந்த நாட்டுலயே இவர் ஒருத்தராத்தான் இருப்பாரு. புஸ்தகமாப் போடும்போது அட்டையில ரெண்டு பேரு பேரும் வரட்டும். சென்னைக் கருத்தரங்குல முதல்ல இவர் பேசட்டும், பொறவு நீங்க விளக்கம் சொல்லுங்க"ன்னாரு.

விளக்கம்! நான்!

கித்தேரியான் என்ன சொன்னான் தெரியுமா? "ஐயோ எனக்கெதுக்கு சார், சாருதான் படிச்சவரு"ன்னு கும்பிட்டான். அதுதான் எனக்கு ஆகலை. வேணும்னு கேட்டிருந்தாம்னா சண்டை போட்டிருப்பேன், ஆறிப்போயிருக்கும். வேண்டாம்னு சொல்லுதவனை என்ன செய்ய முடியும்?

மறுநாள் ஆபீஸுக்குப் போனேன். ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன்.

நீங்க வழியில ஏறினவரு, வழியில இறங்கப் போறவரு, அதனால சொல்லுதேன். இதுவரைக்கும் என் வீட்டுக்காரிக்குக் கூடத் தெரியாது. மொட்டைக் கடிதாசி போட்டேன். நிர்வாகத்துக்கு. இங்கிலீஷ்ல, டைப் அடிச்சு. 'உங்கள் கேன்டீனில் வேலை செய்யும் இன்னார் வெளிநாட்டில் சிறைத் தண்டனை அனுபவித்தவர், அதை மறைத்துச் சேர்ந்திருக்கிறார்.' இவ்வளவு போதும்லா? வேற எவனாவதா இருந்தா இதோட நிறுத்தியிருப்பான். நான் ஆராய்ச்சிக்காரன். ஆதாரம் இல்லாம ஒரு வரி எழுத எனக்குக் கை வராது. முகாம் பேரு வெர்க்னி யார், கொட்டகை நம்பர் நாலு, எந்த வருஷத்துல இருந்து எந்த வருஷம் வரைன்னு அடைப்புக்குறிக்குள்ள போட்டுட்டேன். அடிக்குறிப்பு ஒண்ணுதான் பாக்கி.

விசாரணை வச்சாங்க. மேனேஜர், பாதுகாப்பு அதிகாரி, ரஷ்யா பக்கத்துத் தலைவரு. லுக்கிச்சும் அவனும் எப்பவும் ஒண்ணா இருப்பாங்கன்னு லுக்கிச்சையும் கூப்பிட்டாங்க. கடிதாசியை ரஷ்யன்ல சொல்ல யாரு? நான்தான். நான் எழுதினதை நானே கையில வாங்கி, புதுசாப் பாக்குதவன் மாதிரி கண்ணாடியை மாட்டிக்கிட்டு, சத்தமாப் படிச்சேன். வெர்க்னி யார், கொட்டகை நாலுன்னு படிக்கும்போது லுக்கிச் தலையைத் தூக்கினாரு.

அந்தப் பேரு இந்த நாட்டுல மூணே பேருக்குத்தான் தெரியும். விறகுக் கட்டையில குவளை சுத்தும்போது ஒரு நாள் கித்தேரியான் சொன்னது. மூணுல ஒருத்தன் அவனே. ஒருத்தரு லுக்கிச். கழிச்சுப் பாக்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

அவர்கிட்ட கேட்டாங்க, இந்த ஆளு சிறையில இருந்ததா உங்ககிட்டச் சொல்லியிருக்கானான்னு. கண்ணை என் மேலே இருந்து எடுக்காமலே சொன்னாரு. "ஒண்ணும் தெரியாது. சமையல்காரன். சூப்பு நல்லா வைப்பான்." நான் மொழிபெயர்த்தேன். கித்தேரியான்கிட்ட கேட்டாங்க. அவன் மறைக்கவே இல்ல. "ஆமா சார், இருந்தேன். மக சின்னப் பிள்ளை, அவளுக்குத் தெரியக் கூடாதுன்னுதான் மறைச்சேன்"ன்னான். நிர்வாகத்துக்காரங்க நல்லவங்க, வெளிய சொல்லலை. ஒப்பந்தம் முடிஞ்சுதுன்னு அனுப்பிட்டாங்க. ஊருக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

அன்னைக்குச் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்தான். எவனோ பாவி எழுதிப்போட்டுட்டான் சார், நீங்க ஒரு கருணை மனு எழுதித் தரணும், உங்களை விட்டா எனக்கு யாரு இருக்காங்கன்னு உக்காந்து அழுதான். எழுதினேன். என் ஆயுசுல அப்படி ஒரு இங்கிலீஷ் நான் எழுதினதில்ல. எழுதும்போது எனக்கே அழுகை வந்துட்டு. அவன் என் கையைப் பிடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டான். மனு எடுபடலை.

மறுநாள் நாலு மணி. நோட்டை எடுத்துக்கிட்டு விறகுக்குப் போறேன். நான் எதுக்கு ஆசைப்பட்டேனோ அது நடந்துட்டு. லுக்கிச்சும் நானும் மட்டும். இடையில எவனும் இல்ல. அவர் டீ போட்டாரு. குவளையில ஊத்தினாரு. ரெண்டு மடக்குக் குடிச்சாரு. நான் கையை நீட்டினேன். அவர் பாட்டுக்கு மூணாவது மடக்கு, நாலாவது மடக்கு, மண்டி வரைக்கும் குடிச்சுட்டு, குவளையைக் கழுவிக் கவுத்தினாரு.

பொறவு, "எழுதிக்கோ வாத்தியாரே"ன்னாரு.

காட்டிக் கொடுக்கிறவனுக்கு அந்தப் பேச்சுல என்னென்ன பேரு உண்டோ ஒண்ணொண்ணாச் சொன்னாரு. எரநூறு வருஷத்துக்கு முன்னால மூட்டை வியாபாரிங்க சொன்னது. துறைமுகத்துல சொன்னது. ஜார் காலத்து ஜெயில்ல சொன்னது. 'ஸ்துகாச்', அப்படின்னா கதவைத் தட்டுதவன், அதிகாரி கதவை. எந்த முகாம், எந்த வருஷம், யாரு வாயில கேட்டேன், அந்தப் பேரு விழுந்தவனுக்கு என்ன ஆச்சு, எல்லாம் சொன்னாரு. மொத்தம் இருபத்து மூணு. ஒவ்வொரு சொல்லையும் என் மூஞ்சியைப் பாத்துத்தான் சொன்னாரு. கித்தேரியானைப் பாத்துப் பேசுதாரு, என்னைப் பாக்க மாட்டேங்காருன்னு வயிறு எரிஞ்சேம்லா, அன்னைக்கு முழுக்க என்னைத்தான் பாத்தாரு.

நான் என்ன செஞ்சேன்னு நினைக்கீங்க? எழுதினேன். இருபத்து மூணையும், ஒரு எழுத்து விடாம. ஒரு சொல்லுக்கு உச்சரிப்பு சரியா விழலை, இன்னொருக்கா சொல்லுங்கன்னு கூடக் கேட்டேன். சொன்னாரு.

முடிச்சுட்டு எந்திரிச்சாரு. "அவன்கிட்ட நான் சொல்ல மாட்டேன். பயப்படாதே. சொன்னா இருபத்து நாலாவது சொல்லு எனக்கு வேண்டியதாயிரும்"னாரு. போயிட்டாரு. ரெண்டு மாசத்துல ஊருக்கே கிளம்பிட்டாரு. அதுக்கப்புறம் என்கூட ஒரு சொல்லு பேசலை.

அந்த அத்தியாயம்தான், ஆறாவது, புஸ்தகத்துலயே அருமையானதுன்னு தேர்வாளரு ரெண்டு பேரும் எழுதினாங்க. அதுக்குத்தான் பட்டம். அட்டையில ஒரே பேருதான், பாத்தீங்கள்லா. சென்னையில நான்தான் முதல்ல பேசினேன். நல்லாத்தான் பேசினேன்.

அவனுக்கும் ஒண்ணும் குடி முழுகிப் போயிரலை, நீங்க கவலைப்படாதீங்க. வள்ளியூர்ல சாப்பாட்டுக் கடை போட்டான். இன்னைக்கு ரெண்டு மாடி. பதினாறு வருஷமா ஒவ்வொரு பெரிய நாளுக்கும் எனக்குப் பலகாரம் வரும். மனு எழுதித் தந்த மனுசர்னு பாக்குதவங்ககிட்ட எல்லாம் சொல்லுதான். போங்களேன், நான் அந்தக் கடிதாசி போடாட்டி அவன் இன்னும் கேன்டீன்லதான் கரண்டி பிடிச்சுக்கிட்டு இருந்திருப்பான். அப்படியும் பாக்கலாம்லா?

ஆனா ஒண்ணுதான் எனக்கு ஆறலை. லுக்கிச் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அவனுக்குப் போன் பண்ணுதாராம். எழுபத்தாறு வயசு, கண்ணு தெரியாது, இப்போ போன்ல மூஞ்சியைக் காட்டிப் பேசுதாராம். பதினாறு வருஷமா! எனக்கு ஒரு கடிதாசி? ஒரு வாழ்த்து? புஸ்தகம் அனுப்பினேன், ரஷ்யன்ல கையெழுத்துப் போட்டு. திரும்பி வந்துட்டு. நாளைக்குக் காலையில அவன் மக கல்யாணப் பூசை முடிஞ்சதும் அவர் போன்ல வந்து பிள்ளையை ஆசீர்வாதம் பண்ணப் போறாராம். நான் கித்தேரியான் பக்கத்துலயே நிக்கப் போறேன். கண்ணு தெரியாட்டி என்ன, குரல் கொடுத்தாத் தெரியும்லா. ஒரே ஒரு சொல்லு அவர் என்கிட்டப் பேசிட்டார்னா போதும். திட்டினாக்கூடப் போதும்.

மாப்பிள்ளை வீடு பாளையங்கோட்டைப் பக்கம். ரொம்பக் கட்டுப்பாடான குடும்பம், பாட்டனாரு உபதேசியாராம். அப்பன் ஜெயில்ல இருந்தவன்னு தெரிஞ்சா அந்த வாசல்ல கால் வைக்க விடுவாங்களா? அந்தப் பிள்ளை ஜெனிட்டாவுக்கே தெரியாது. மாதா கோயில்ல மூணு ஞாயிறு ஓலை வாசிப்பாங்களாம்லா, தடை ஏதும் தெரிஞ்சவங்க சாமியார்கிட்ட வந்து சொல்லுங்கன்னு. கித்தேரியான் மூணு வாரமும் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன் சார்னான். ஒருத்தன் வாயைத் திறக்கலை. நானும்தான் திறக்கலை. அதையும் கணக்குல வச்சுக்கிடணும்.

என்ன அண்ணாச்சி, ஒரு மாதிரி ஆயிட்டீங்க? தண்ணி வேணுமா?

எந்தக் கித்தேரியானா? உவரியில கித்தேரியானுக்கா பஞ்சம், தடுக்கி விழுந்தா ஒரு கித்தேரியான். நீங்க எதுக்குக் கேக்கீங்க?

தாய்மாமனா? யாருக்கு?

மாப்பிள்ளைக்கா?

அட, இது கதை அண்ணாச்சி. நான் கதையும் எழுதுவேன். பஸ்ல யாருகிட்டயாவது சொல்லிப் பாக்குதது என் பழக்கம், நம்புதாங்களான்னு. நீங்க நம்பிட்டீங்களா? நல்லா எழுதியிருக்கேன்னு அர்த்தம். வள்ளியூர்ல கடையா? ரெண்டு மாடியா? அதெல்லாம் சும்மா... ஒரு இதுக்குச் சேத்தது.

இல்ல. உக்காருங்க. எந்திரிக்காதீங்க, நிறுத்தம் இன்னும் வரலை. ஒரு நிமிஷம் கேளுங்க. அவன் திருடலை. அது நெசம். அரிசி மூட்டையில எவனோ வச்சான். அவன் மாதிரி ஒரு மனுசனை நான் பாத்ததில்ல, அதனாலதானே எனக்கு அவ்வளவு எரிச்சல். எவன்கிட்டயும் அவன் வாயில இருந்து ஒரு கெட்ட சொல்லு வராது. பொண்ணு தங்கம். நீங்க உங்க அக்காகிட்ட போய்ச் சொல்லத்தான் செய்வீங்களா? நாளைக்கு விடிஞ்சாப் பூசை அண்ணாச்சி. பந்தல் போட்டாச்சு.

சரி, சொல்லுததுன்னா சொல்லுங்க. உங்க குடும்பம், உங்க மருமகன், நான் யாரு தடுக்க? ஆனா அந்தக் கடிதாசி விஷயம் மட்டும்... அது கல்யாணத்துக்குச் சம்பந்தம் இல்லாத விஷயம்லா? அதை விட்டுருங்க. என் பேரு எதுக்கு அதுல?

ஏதாவது பேசுங்களேன். இவ்வளவு நேரம் நல்லாக் கேட்டுக்கிட்டு வந்தீங்க.

வந்துட்டு. நிறுத்தம் வந்துட்டு. அந்தா நிக்கான் பாருங்க, வெள்ளை வேட்டி, அவன்தான். நம்ம ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போக அவனே வந்து நிக்கான். கையை ஆட்டுதான். சம்பந்தக்காரரு நீங்க பக்கத்துல இருக்கீங்க, ஆனா பாருங்க, என்னைப் பாத்துத்தான் ஓடி வாறான்.

சிரிங்க அண்ணாச்சி. கொஞ்சம் சிரிங்க.